இதர

படிவத்தில் ஐந்து கட்டங்கள்:
புயல். வெள்ளம். மின்னல். சூறைக்காற்று. ஆலங்கட்டி.
கீழே, இதர என்று
ஒரு விரல் நீளத்துக்குக் கோடு.

குலசேகரத்தில் இருந்தபோது எளிது.
ஆனியில் ஓரிரவு காற்று தோட்டத்துக்குள் இறங்கி
நாற்பத்தாறு ரப்பர் மரங்களை இடுப்பில் ஒடித்துப் போட்டது.
விடிந்து போனால் முறிந்த இடமெல்லாம் பால்,
சிரட்டை ஏந்த ஆளில்லாத பால்.
சூறைக்காற்று. டிக்.
பேச்சிப்பாறைப் பக்கம் துலா இடியில் ஒரு பசு,
கட்டின கயிறு கருகாமல் பசு மட்டும்.
மின்னல். டிக்.
தோவாளையில் பிச்சிப் பாத்திக்குள் ஆறு ஏறியது.
அந்த வெள்ளம் ஒரு நாள் மணந்தது,
பிறகு நாறியது.

இப்போது அழிக்கால்.
பெர்பெத்தம்மாள் வீட்டு அடுக்களையில்
முழங்கால் மணலில் நின்று எழுதுகிறேன்.
மிக்ஸி, அரிசி டப்பா, மகனின் பாஸ்போர்ட்
எல்லாவற்றிலும் உப்பு.

காற்றின் வேகம்?
படிவம் கேட்கிறது, நானும் கேட்கிறேன்.
"காத்தா? கொடியில கெடந்த சீலை அசையல்ல மேடம்.
நல்ல வெயிலு. நெத்திலி காயப் போட்டிருந்தேன்.
அதையும் எடுத்த எடத்துக்கே கொண்டு போச்சு."

மழையளவு?
சிரிக்கிறாள்.

தெற்கே எங்கோ, கப்பலும் போகாத நீரில்
ஒரு புயல் பிறந்து, பெயர் வைக்குமுன் செத்திருக்கிறது.
அதன் அலை மட்டும்
ஒரு வாரம் நடந்து இந்தத் தெருவுக்கு வந்திருக்கிறது,
செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்தபடி.

நேரம்?
"குக்கர் ரெண்டு விசில் அடிச்சுது.
மூணாவதுக்கு நிக்கேன்,
கதவு தட்டாம வந்துட்டு."
பிற்பகல் 12.40 (தோராயமாக).

கோட்டில் கள்ளக்கடல் என்று எழுதி அனுப்பினேன்.
தாலுகா ஆபீசிலிருந்து போன்:
கள்ள நோட்டு தெரியும், கள்ள ஓட்டு தெரியும்,
இதென்ன, மனு போலி என்கிறீர்களா?
திருத்தி அனுப்புங்கள்.

திருத்தப் போன அன்று
கடல் மடித்து வைத்த போர்வைபோல் கிடந்தது.
பெர்பெத்தம்மாள் வாசலில் ஒரு கூட்டம்.
மூன்றாம் நாள் குக்கர் கரை ஒதுங்கியிருக்கிறது,
வெயிட் போய், மூடி இறுகி.
ஆட்டினால் உள்ளே ஏதோ புரள்கிறது.

திறக்கச் சொல்கிறார்கள்.
அவள் மடியில் வைத்துக்கொண்டு
கைப்பிடியில் ஒட்டிய மணலை
நகத்தால் சுரண்டிக்கொண்டிருக்கிறாள்.