சாக்கடை மூடியின் தும்மல்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்:
ரோலர் கோஸ்டருக்கு நான் வரிசையில் நிற்பதில்லை.
நூற்றைம்பது நிமிடம் என்று பலகை மின்னுகிறது,
மின்னட்டும்.
எனக்கு இந்தத் தெரு போதும்.

ஃப்ளோரிடாவின் சதுப்பு நிலத்தில்
பிளைவுட்டிலும் ஃபைபரிலும் எழுப்பிய நியூயார்க்.
மேலே போகப் போக ஜன்னல்கள் சிறுக்கின்றன.
மாடிக்கு ஒரு முழம் வீதம்
தச்சன் திருடியிருக்கிறான்.
நான்காம் மாடியில் நிமிர்ந்து நிற்க
பூனையால்தான் முடியும்.
கீழே நிற்கும் நமக்கோ கழுத்து வலிக்கிறது.

அடகுக்கடைக் கதவைத் தள்ளாதே, அது சுவர்.
பக்கத்தில் அழைப்பு மணிகளைப் பார்.
ஆறு பெயர்கள்.
ஐந்து, தெருவைக் கட்டியவர்களுடையவை.
ஆறாவது பிஸ்கட்.
அவர்களில் யாரோ ஒருவருடைய நாய்.
அந்தப் பொத்தானை அழுத்தினால்
உள்ளே மரப்படிகளில்
நகங்கள் தடதடவென்று இறங்கி வரும்,
கதவு வரைக்கும் வரும்,
மூச்சு வாங்கும்.
அவ்வளவுதான்.

ரொட்டிக் கடையில் ரொட்டி கிடையாது.
காலை பத்து மணிக்கு
ஜன்னலடிச் சல்லடையிலிருந்து
வாசம் மட்டும் கிளம்புகிறது.
மூக்கு இழுத்த வழியே போனவர்கள்
பொம்மைக் கடையில் முட்டிக்கொண்டு நிற்கிறார்கள்.

பச்சோணான் ஒன்று
மதுக்கடையின் நியான் எழுத்தில் குளிர் காய்கிறது.
அதை யாரும் திட்டமிடவில்லை.

எஃப்ரைன் கின்டானா இரவு வேலைக்காரர்.
தீயணைப்புக் குழாய்க்குத் துரு வரைவார்.
நடைபாதைக்கு,
மென்று துப்பி மிதிபட்ட சூயிங்கம்,
சாம்பல் நிறத்தில், நூற்றுப் பதினேழு.
எண்ணியிருக்கிறேன்.
நூற்றுப் பதினெட்டாவது நிஜம்;
என் செருப்பு சொன்னது.

இந்த ஈரத்தில் எந்த இரும்பு தாங்கும்?
குழாயில் நிஜத் துரு ஏறிவிடுகிறது.
அதைச் சுரண்டி எடுத்துவிட்டு
மறுபடி துரு பூச வேண்டும், அதுதான் விதிமுறை.
"நிஜத்துக்கு நிறம் பற்றாது" என்கிறார் எஃப்ரைன்,
தூரிகையைத் துடைத்தபடி,
சிரிக்காமல்.

இப்போது தபால்பெட்டிக்கு எதிரே வா.
இரும்புச் சாக்கடை மூடி. குனிந்து காது கொடு.
"யாரப்பா மேலே?
ஏணி இருந்தால் இறக்கு" என்று ஒரு குரல்.
பதிவு செய்த அன்று அந்த ஆளுக்குச் சளி போலிருக்கிறது.
இருபது நிமிடத்துக்கு ஒருமுறை தும்முகிறார்.
யாரும் அதை வெட்டி எறியவில்லை.

ஆகஸ்டில் மூன்று மணிக்கு மழை தவறாது.
அன்றும் வந்தது.
கூட்டம் கடைகளின் கூரைக்கு ஓடியது.
கூரைகளில் பாதி வெறும் ஓவியம்.
பெருக்குகிற விட்லினுக்குத்தான் தெரியும்
எதற்கு அடியில் நனையாமல் நிற்கலாம் என்று.
அவள் பக்கத்தில் நானும் ஒதுங்கினேன்.

காலியான தெரு நடுவே ஒரு பையன்,
முழங்கால்வரை மஞ்சள் மழைக்கோட்டு,
கையில் பாதி ஹாட் டாக்.
"டோபின்! இங்கே வா!" என்று
ஓவியக் கூரைக்கடியிலிருந்து
சொட்டச் சொட்ட அம்மா கத்துகிறாள்.
அவன் மூடியருகே குந்தியிருந்தான்.

தும்மல் வந்தது.

"நல்லாயிருங்க" என்றான் பையன்.
பதிலுக்குக் காத்திருந்தான்.
மழை மட்டும் உள்ளே இறங்கிக்கொண்டிருந்தது.
பிறகு ஹாட் டாக்கைச் சுற்றியிருந்த காகிதக் கைக்குட்டையை உருவி,
நான்காக மடித்து,
மூடியின் துளையில்
விரலால் தள்ளித் தள்ளி உள்ளே விட்டான்.
ஒரு முனை சிக்கி வெளியே நின்றது.

தரையில் விழுந்த காகிதம் எதுவும்
இரண்டு நிமிடத்துக்கு மேல் கிடக்கக் கூடாது.
விட்லினின் வேலையே அது.
அவள் பார்த்தாள்.
பிறகு துடைப்பத்தை எடுத்துக்கொண்டு
எதிர்ப்பக்கம் பெருக்கப் போனாள்,
கொட்டுகிற மழையில்.

அடுத்த வாரம் போய்க் குனிந்தேன்.
துளையோரம் இன்னும்
வெள்ளையாய், மடிப்புக் குலையாமல் ஒரு முனை.
இத்தனை மழைக்கும் கரையாத காகிதமா?
தொட்டுப் பார்த்தேன்.
பெயின்ட்.