ஐந்தரை மணி பஸ்

துண்டுப்பிரசுரத்தில் ஐந்து முன்னுரிமைகள் அச்சிட்டிருந்தேன்.
நீச்சல்குளத்தின் கசிவு முதலில்.
பாலத்துக்கு அப்பால் செம்மண் பாதைக்குத் தார்.
மூன்றாவது, டாக்டர்.
ஊராட்சியால் டாக்டரைக் கொண்டுவர முடியாது,
ஆனால் எல்லோரும் கேட்டார்கள்.
நாலும் ஐந்தும் இப்போது ஞாபகமில்லை.

பதினேழு வாக்கில் வென்றேன்.
பகலில் மருந்துக்கடை.
இந்த ஊரில் யாருக்கு எந்த மாத்திரை என்று தெரியும்,
எனக்கு யார் வாக்களித்தார் என்று தெரியாது.

ஜூலையில் தடுப்பூசி ஃபிரிட்ஜின் அலாரம் அடித்து
ஐந்து மணிக்குக் கடைக்கு ஓடினேன்.
மரம்பிட்ஜிக் கரையெங்கும் உறைபனி.
கோதுமைக் குதிர்களுக்குக் கீழே
இருட்டுக்குள்ளிருந்து தமிழ் கேட்டது.

காரைத் திருப்பினேன்.
பதினொரு பேர், கைகள் கக்கத்தில்,
இறைச்சித் தொழிற்சாலைப் பஸ்ஸுக்கு.
கவிழ்த்த பெயின்ட் வாளியில் ஒரு கர்ப்பிணி.
"லைட்டை நூருங்கோ அக்கா, கண் கூசுது."
பிறகு இன்னொரு குரல்: "ஓ, மருந்துக்கடை அக்கா."
கவுன்சிலர் என்று அவர்கள் சொல்லவில்லை.
நானும்.

ஆகஸ்ட் கூட்டத்தில் எழுந்தேன்:
ஒரு கூரை, ஒரு சூரிய விளக்கு,
பதினெட்டாயிரம் டாலர்.
கோர்டன் மக்லீஷ் கண்ணாடியைக் கழற்றினார்.
கெட்ட மனிதரல்ல,
வறட்சியில் தன் வைக்கோலைப் பாதி ஊருக்குப் பங்கிட்டவர்.
"அவர்களில் எத்தனை பேருக்கு வாக்கு இருக்கிறது?"
"ஒருவருக்கும் இல்லை."
"அப்படியானால் குளத்துக்கு நீ கொடுத்த வாக்கு?"

அவர் கேட்டது இரண்டு வேறு சொற்களில்.
எனக்குள் விழுந்தது ஒரே சொல்லாக.
கொடுத்ததா, வாங்கியதா,
எதைக் காப்பாற்ற எழுந்தேன் என்று
ஒரு நிமிடம் எனக்கே பிடிபடவில்லை.
தண்ணீர் குடித்தேன்.
அது பதிலென்று குறிப்பில் ஏறவில்லை.

ஐந்துக்கு நாலு.
விளக்கு மட்டும். கூரை அடுத்த நிதியாண்டில்.

கம்பம் நட நவம்பர் ஆகிவிட்டது.
நவம்பரில் ஐந்தரைக்கு வானம் வெளுத்துவிடும்;
விளக்கு தானாகவே அணைந்துகொள்ளும்.
அதன் மேல் இரண்டு காலாக்கள் கொத்திக்கொண்டிருந்தன.
வாளி அங்கேயே கிடந்தது,
அதில் சிவந்த கண்களோடு ஒரு பொடியன்.
"அந்தப் பிள்ளை எங்கே?"
"வாகாவில அக்கா. நேற்றுப் பிறந்தது, பெடியன்."
வாகா நூறு கிலோமீட்டர்.
மூன்றாவது, டாக்டர்.

குளம் இன்னும் கசிகிறது.
கோர்டன் தன் மாத்திரைக்கு வந்தார்.
"உன் விளக்கு எரிவதை நான் ஒருநாளும் பார்க்கவில்லையே" என்றார்.
மே மாதம் வரட்டும், என்றேன்.
மீதிச் சில்லறையை எண்ணிக் கொடுத்தேன்.