வளைவுக்குக் காரணம் கேட்டு வந்த கடிதத்துக்கு

ஐயா,
கொடுங்கையூர்க் குப்பைமேட்டில்
தீயணைப்பு வண்டி ஏறுவதற்கு நாங்கள் போட்ட பாதை
நூற்றுத் தொண்ணூறாவது மீட்டரில்
ஏன் இடப்பக்கம் வளைகிறது என்று கேட்டிருக்கிறீர்கள்.
வரைபடத்தில் அது நேர்க்கோடு. ஒத்துக்கொள்கிறேன்.

போன கோடையில் பாதையே இல்லை.
வண்டி அச்சு வரை புதைந்து நின்றது.
குழாய் முனைக்கும் நெருப்புக்கும் நடுவில்
ஒரு வீட்டு நீளம் பாக்கி.
வயிறு நிறையத் தண்ணீரோடு
அதுவும் எங்களோடு வேடிக்கை பார்த்தது.
எழில் நகரில் நான்கு நாள் யாரும் ஜன்னல் திறக்கவில்லை.
ஐந்தாம் நாள் திறந்தார்கள்,
கரண்ட் போனதால்.

ஆகவே இந்த வருடம் கட்டட இடிபாடு, அறுநூற்றுப் பதினோரு லோடு.
யாருடைய சமையல் மேடையோ, யாருடைய குளியலறையோ.
மஞ்சள் டைல்ஸ் ஒன்றில்
குளிக்குமுன் ஒட்டிவைத்த பொட்டு உரியாமல் வந்திருந்தது.
அதன் மேல் ரோலர் போனது.

மண் பரிசோதனை அறிக்கை எங்கே என்கிறீர்கள்.
அங்கே மண் கிடையாது ஐயா.
காந்தக் கோலோடு ரமணம்மா முன்னால் நடந்தாள்.
செருப்பைக் கழற்றி, குதிகாலை ஊன்றி,
"இங்க வேணாம் சார், அடியில சூடு கீது" என்றாள்.
ஜேசிபி ஏசுபாதம் சிரித்தார்.
சிரித்துக்கொண்டே ஓர் ஆள் ஆழம் தோண்டினார்.
எரியாமல் அணையாமல்
போன வருடம் உள்ளே சிவப்பாய்க் கிடந்தது.

வளைத்தோம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்,
இல்லாவிட்டால் அடுத்த தணிக்கையில் வரும்:
ஆறு மீட்டர் வளைந்தால் போதும். ஒன்பது வளைந்தது.
மிச்ச மூன்றில் ரமணம்மா
தரம் பிரித்துக் கட்டிய மூட்டைகள் இருந்தன.
கவனிக்கவில்லை என்று எழுத எனக்கு வரவில்லை.

அளவுப் புத்தகத்தில் தடிமன் கட்டத்தைக்
காலியாக விட்டது பற்றி:
அளந்த அன்று முக்கால் மீட்டர்.
மறுநாள் அரை.
ஒரு மழைக்குப் பிறகு தெற்கு முனை கண்ணிலேயே படவில்லை.
எந்தத் தேதியின் உண்மையை எழுதுவது?

மே பத்தொன்பது, இரவு இரண்டேகால்.
தீ. வண்டி ஏறியது. வளைந்தது.
குழாய் எட்டியது.
விடிவதற்குள் புகை வெள்ளையானது.
இறங்கி வரும்போது பின்சக்கரம் ஒரு சாண் உள்ளே போனது,
அந்த மஞ்சள் டைல்ஸ் கிடந்த இடத்தில்.

இன்னும் நாற்பது லோடு வேண்டும்.
மதிப்பீடு இத்துடன் இணைத்திருக்கிறேன்.
அதிலும் வளைவு இருக்கிறது.