நாற்பது மாதம்

பழைய சோனகத் தெருவில்
ஆணி, பிணைச்சல், கதவுப்பூட்டு விற்கிற கடை.
முப்பத்தொரு வருஷம்
சம்பளப் புத்தகம் என்னிடம்.
சேமலாப நிதிக்கு ஆளிடமிருந்து எட்டு வீதம்,
முதலாளியிடமிருந்து பன்னிரண்டு,
மாதம் முடியுமுன் காசோலை.
ஒரு மாதமும் என் கை தவறியதில்லை.
தவறியிருக்கலாம்.

நேற்று என் நிலுவைத் தாள் வந்தது.
இருபத்து மூன்று இலட்சத்து இருபதாயிரம்.
ஜன்னலடியில் பிடித்துப் பார்த்தேன்,
கண்ணாடியைத் துடைத்துவிட்டு இன்னொரு தரம்.
கல்குலேட்டரை எடுக்கவில்லை,
எனக்கு அது அவமானம்.

கொட்டாஞ்சேனையில் ஓர் அறை, குளியலறை பொது.
வாடகை, கரண்ட், காஸ்,
பிரஷர் குளிசை, சீனிக் குளிசை,
ஞாயிறு பூசைக்குப் பிறகு கால் கிலோ சாளை,
எங்கேயாவது ஒரு சாவீட்டுக்கு ஓட்டோ.
மாதம் ஐம்பத்தெட்டாயிரம்.
வகுத்தேன்.
மீதியே இல்லாமல் நாற்பது.
கணக்கு இப்படிச் சுத்தமாய் வந்தால்
மதர் பெனடிக்டா கொப்பியில் நட்சத்திரம் ஒட்டுவா.

எனக்கு ஐம்பத்தெட்டு.
அறுபத்தொன்று தாண்டிய ஒரு மழைக்காலத்தில்
காசும் நானும் ஒரே நாளில் முடிய வேண்டும்.
அம்மா எண்பத்தொன்பது வரை இருந்தா.
இவ்வளவு நாள் அதைப் பெருமையாகச் சொல்லித் திரிந்தேன்.

வங்கியில், டை கட்டிய பொடியன்
"சௌகரியமா இருக்க மூன்று கோடி வேணும் மிஸ்" என்றான்,
மூன்று இஞ்சி ஆணி கேட்கிற மாதிரி.
சௌகரியம் என்றால் எது தம்பி என்று கேட்டேன்.
சிரித்தான். ஒரு துண்டுப்பிரசுரம் தந்தான்.
அதில் வெள்ளை முடித் தம்பதி ஒன்று
கடற்கரையில் சைக்கிள் ஓட்டுகிறது.
எனக்குச் சைக்கிள் ஓடத் தெரியாது.
கண் டொக்டரிடம் போகும்போது
பேர்ஸுக்குள் இரண்டு தரம் பாராமல் போக வேண்டும்,
அவ்வளவுதான்.

இனி மற்றக் கதை.
தொண்ணூற்று மூன்றில், முதல் மாதம்,
முதலாளி கதிரையை என் பக்கம் இழுத்துப் போட்டார்.
"பதிவில பாதிச் சம்பளம் போடுங்கோ பிள்ளை,
மிச்சத்தைக் கையில குடுப்பம்,
எல்லாருக்கும் இலாபம்தானே."
இருபத்தேழு வயது. ஒரு மேசை, ஒரு மின்விசிறி,
பிள்ளை என்று கூப்பிட ஒருவர்.
போட்டேன்.
பத்தொன்பது பேருக்குப் போட்டேன்.
பத்தொன்பதாவது பெயர் ஜெசிந்தா.

பெற்றோல் வரிசையில் மனிதர் செத்துக்கொண்டிருந்த வருஷம்
ரூபாய் விழுந்தது.
நான் பாதியாக்கி வைத்ததை
நாடு இன்னொரு தரம் பாதியாக்கியது.
முழுச் சம்பளத்தையும் எழுதியிருந்தால் எண்பது மாதம்.
அதுவும் போதாது, தெரியும்.
ஆனாலும் அந்த நாற்பது மாதத்தை
நான்தான் நீல மையால் எடுத்திருக்கிறேன்,
அழகான கையெழுத்தில்.

இன்று நூற்று மூன்றில் ஏறி நாரஹேன்பிட்டி.
டோக்கன் இருநூற்றுப் பதினாறு.
கவுண்டருக்குள் இருந்த நோனா
பணம் எடுக்கும் படிவத்தைத் தள்ளினா.
"தொகை சரியா? சரியென்றால் இந்த இடத்தில் ஒப்பம்."

பையில் இன்னொரு கொப்பி இருந்தது.
யாருக்கு உண்மையில் எவ்வளவு என்று
மாதம் மாதம் எழுதி வந்த கொப்பி.
ஏன் எழுதினேன் என்று இதுவரை தெரியாது.
கள்ளக்கணக்கு எழுதுகிறவளுக்கு
நல்ல கணக்கு எங்கேயாவது இருக்க வேண்டும் போல.

"சரியில்லை" என்றேன்.
"முறைப்பாட்டுப் படிவம் தாங்கோ. பத்தொன்பது."

நோனா முதல்தடவையாக முகத்தைப் பார்த்தா.
யாருக்கு எதிராக என்று ஒரு வரி இருந்தது.
முதலாளியின் பெயர் எழுதினேன்.
பேனையை எடுக்கவில்லை.
அதன் கீழே என் பெயர்.

பிறகு ஒண்டிமுத்து நினைவுக்கு வந்தான்,
லொறியிலிருந்து சீமெந்து இறக்கிய நாட்டாமை.
இருபத்திரண்டு வருஷம் நாட்கூலி.
எந்தப் புத்தகத்திலும் இல்லை,
என் நல்ல கொப்பியில்கூட இல்லை.

"இன்னும் ஒன்று" என்று கை நீட்டினேன்.
தந்தா.
அங்கத்தவர் இலக்கம் என்ற கட்டத்தின் மேல்
பேனை நிற்கிறது.
பின்னால் இருநூற்றுப் பதினேழு இருமுகிறார்.