நாலாம் கிழமை

மூன்று கிழமையாய் உருள்கிறது பீப்பா.
கரடு முடிந்து, நடுத்தரம் முடிந்து,
மாப்போன்ற தூளும் முடிந்தது.
கீழ்வீட்டு மிஸிஸ் ஓஸ்மண்ட்
இரண்டுதரம் மாடியேறி வந்துவிட்டார்:
உங்கள் வோஷிங் மெஷின் நிற்கவே நிற்காதா?
உடுப்பில்லை, கல் என்றேன்.
என் முகத்தைக் கொஞ்சநேரம் பார்த்துவிட்டு
இறங்கிப் போனார்.

இனி மெருகு.
குவாறி வீதியில் நிஸ்தார் நானா
பழைய பேப்பரில் மூன்று பொடி கொட்டினார்.
அலுமினியம் ஒட்சைட்டு வெள்ளை, மலிவு,
எந்தக் கல்லோடும் ஒத்துப்போகும்.
சீரியம் மங்கிய ரோசா,
மூக்குக்கண்ணாடி தேய்க்கிறவர்கள் வாங்குவது.
வெள்ளீய ஒட்சைட்டுக்கு
விலை சொன்னார்;
நானே மடித்துத் திருப்பிக் கொடுத்தேன்.

என்ன கல்லு?

நிலாக்கல் என்று சொல்லியிருக்கலாம்.
வெள்ளவத்தை ஸ்டேஷன் தாண்டித்
தண்டவாளத்துக்கு அடியில் கொட்டிக் கிடப்பது,
ஒரு பக்கம் ரயில் எண்ணெய்,
ஒரு பக்கம் கடலுப்பு.
சட்டைப்பையிலிருந்து ஒன்றை எடுத்து வைத்தேன்.

அவர் விரலில் எச்சில் தொட்டுத் தடவினார்.
மினுங்கியது.
"ஈரத்தில எல்லாக் கல்லும் மாப்பிள்ளைதான்"
என்று மின்விசிறிக்கு நேரே பிடித்தார்.

காய்ந்தது.
வெள்ளைக் கீற்று மட்டும் ஒளியை வைத்துக்கொண்டது.
கறுப்பு, தூக்கம் போதாத கண்.
மைக்கா இருந்த இடமெல்லாம்
ஊசிமுனைக் குழிகள்.
ஒரே கல்லுக்குள் மூன்று வன்மை;
கடினமானது பளபளக்குமட்டும் உருட்டினால்
மெதுவானது இருக்காது.

எந்தப் பொடி போட்டாலும்
குழிக்குள் போனது போனதுதான்,
கழுவினாலும் வராது.
அப்போதுதான் கேள்வி மாறியது:
எது நன்றாக மினுக்கும் என்பதை விட்டுவிட்டு
எந்த நிறம் தங்கினால் பரவாயில்லை என்று
பேப்பரையே பார்த்துக்கொண்டு நின்றேன்.
பின்னால் ஒருவர் ஆணி கேட்டார்.
வாளி கேட்டு இன்னொருவர் வந்தார்.

வெள்ளை என்றால்
சுண்ணாம்பு அப்பியது போலிருக்கும்.

சீரியம், நூறு கிராம்.

பழைய பல்துலக்கியால்
மூடி ரப்பரின் மடிப்புவரை தேய்த்தேன்.
கரட்டுத் தூளில் ஒரு மணி மிஞ்சினால்
மூன்று கிழமையும் வீண்.
பிறகு எட்டு நாள்,
நடுவில் இரண்டு கரண்ட் கட்.

ஒன்பதாம் நாள் காலை
சத்தம் நின்றதும் மிஸிஸ் ஓஸ்மண்ட் வந்தார்.
துடைத்துக் காயவிட்ட ஒன்றை
அவர் கையில் வைத்தேன்.
ஜன்னலோரம் போய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
குழிகளில் பற்பொடி போல ரோசா.
நகத்தால் சுரண்டினார், வரவில்லை.
இன்னொரு தரம் சுரண்டினார்.

"இதை ஒருக்கா
வோஷிங் மெஷினில் போட்டுப் பார்த்தீர்களா?"