ஒரு மணிக்கூர்

ஆரியங்காவு மருந்துக்கடைக்காரர்
டியூபை நீட்டியபடி சொன்னது இவ்வளவுதான்:
"ஒரு மணிக்கூர் முன்னே."

மீதியெல்லாம் ஜெஸிந்தா சிஸ்டர் சொன்னது,
தென்காசி பெரியாஸ்பத்திரியில், போன மாதம்,
மூன்றாம் குத்திலும் நரம்பு நழுவி
மொழி கட்டில் கம்பியைக் கடித்த பிறகு.
தீப்பெட்டி அகலம் போதும்.
தேய்க்காதே, தடிப்பாய் வை, மேலே பிளாஸ்டிக் தாள் ஒட்டு.
கண்ணுக்கும் வாய்க்கும் போய்விடக் கூடாது.
புண் இருந்தால் அங்கே வைக்காதே.
முடிந்ததும் கையைக் கழுவு.
அப்புறம், கொஞ்சம் குரலைத் தணித்து,
கூடப் பூசினால் கூட மரக்குமென்று நினைக்காதே;
கல்யாணத்துக்கு முந்தின வாரம் ஒருத்தி
முடி எடுப்பதற்காக இரண்டு காலிலும் பூசி
தாளைச் சுற்றிக்கொண்டு படுத்தாள்.
கொண்டுவரும்போது உதடு நாவல்பழ நிறம்.
பிழைத்தாளா என்றேன்.
பிழைத்தாள் என்றாள். அதற்குமேல் சொல்லவில்லை.

நான் ரப்பர் வெட்டுகிறவன்.
முன்னூற்று நாற்பது மரம்.
ஒன்றுக்கும் ஒரு மணிக்கூர் முன்னே
எதையும் பூசியதில்லை.

வளைவில் பூசினால் சிதறும்.
கோட்டவாசலில் பஸ் நிற்கும்போது
அவள் சட்டைக் கையைச் சுருட்டினேன்.
இடது முழங்கை மடிப்பில்,
நரம்பு தெரிகிற இடத்தில்,
நேற்றைய அட்டைக்கடி. இன்னும் கசிகிறது.
ஏன் சொல்லலை?
"வலிக்கவே இல்லையேப்பா.
எப்ப வந்துச்சு எப்ப போச்சுன்னே தெரியலை.
அதுகிட்டயும் இந்த மருந்து இருக்கா?"
முன்சீட்டில் பலாப்பழத்தைக் குழந்தைபோல் வைத்திருந்த அம்மாள்
திரும்பாமலே சொன்னாள்:
"அது ஒரு மணிக்கூர் காத்து நிற்காது மோளே."

வலது புறங்கைக்கு மாறினேன்.
தாளின் மேல் பேனாவால் எழுதினேன்: ஏழு இருபது.

புளியரையில் கோழி லாரிகளுக்கு மருந்தடிக்கிறார்கள்.
டயர் டயராய், கூண்டு கூண்டாய்.
இருபத்தைந்து நிமிடம் போனது.
மாநிலம் மாறுகிற இடத்தில்
நான் அவள் கையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.
அவள் இடது விரலால் அதைத் தட்டித் தட்டி,
"இது யாரு கைப்பா?"

சிஸ்டர் தாளை உரித்தாள், பேனா எழுத்தைப் படித்தாள்,
துடைத்தாள். அடியில் தோல்
மழையில் கிடந்த காகிதமாய் வெளுத்திருந்தது.
ஊசி இறங்கியதை மொழி கண்கொட்டாமல் பார்த்தாள்.
முதல் குத்திலேயே ரத்தம் எட்டிப் பார்த்தது.
அப்புறம்தான் அழுதாள்.
வலிக்குதா?
"இல்ல."
பின்னே?
"எப்பவும் அழுவேன்ல."

யாரோ ஒருவரின் ரத்தம் சொட்டுகிறது.
என் மரங்களில் சிரட்டைக்கு வெளியே வரும்;
இங்கே உள்ளே போகிறது.
வேகம் அதேதான்.

டீ கிளாஸைப் பிடித்தபோதுதான் தெரிந்தது,
ஆள்காட்டி விரலுக்குச் சூடு இல்லை.
கழுவாமல் கைலியில் துடைத்த விரல்.
சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தேன்.
அவள் தூக்கத்தில் அந்த விரலையே
தேடிப் பிடித்துக்கொண்டாள்.
இறுக்கமாகவா, சும்மாவா,
விரலுக்குத் தெரியவில்லை.
குனிந்து பார்த்துத்
தெரிந்துகொள்கிறேன்.