ஆறு மணிக்கு முன்

காலை பத்தரைக்கு
சியாட்டிலிலிருந்து ஒருவன் கேட்டான்:
"எங்களை நம்ப உங்களுக்கு என்ன தயக்கம்?"
கோபமில்லை அவன் குரலில்.
பின்னால் ஒரு நாய் குரைத்தது.

இதுதான் தயக்கம், டேரில்.
யாரோ ஒருத்தி தன் பதினொரு வருடப் படங்களை
எங்களிடமிருந்து உங்களிடம் மாற்றச் சொல்லி
ஒரு பொத்தானை அழுத்தியிருக்கிறாள்.
அவளுக்குத் தெரிந்தது அவ்வளவே.
அந்தப் பொத்தானுக்கும் உன் வாசலுக்கும் நடுவே
இருட்டில் நிற்பது நான்.

பெயர் சொன்னாய். பெயரை எவரும் சொல்லலாம்.
சான்றிதழ் அனுப்பினாய். செவ்வாயோடு அது காலாவதி.
உன் சாவியின் கைரேகையை
இரண்டிரண்டு எழுத்தாய் வாசி,
திரையில் விரல் வைத்துத் தொடர்கிறேன்.
மூன்று எஃப். பூஜ்யம் ஒன்பது. சி ஏழு.
நடுவில் தும்மினான்.
"மறுபடியும் சொல்" என்றேன்.
முதலிலிருந்து சொன்னான்.

சாளரத்துக்கு வெளியே வோட்டர்லூவின் பெப்ரவரி,
வாகனத் தரிப்பிடத்தை
வெள்ளைத்தாளாக்கிக்கொண்டிருந்தது.

எங்கே வைப்பீர்கள், எத்தனை நாள்,
யார் யார் திறந்து பார்க்கலாம்,
அவள் அழியென்றால் அழிப்பீர்களா,
அழித்துவிட்டோம் என்று சொல்வீர்களா?
கடைசிக் கேள்விக்கு நீளமாய் ஒரு மௌனம்.
"தெரியவில்லை. கேட்டுத்தான் சொல்லவேண்டும்."
அந்தத் தெரியவில்லையில்தான்
நான் அவனைக் கொஞ்சம் நம்பத் தொடங்கினேன்.

ஐந்தேகால். நெடுஞ்சாலையில்
ஒரு லாரி குறுக்கே படுத்துக் கிடந்தது.
டேகேர் ஆறுக்கு மூடும்.
பக்கத்து வீட்டு லொரெய்னை அனுப்பினேன்.

"லொரெய்ன் என்றொருவர் வந்து நிற்கிறார்.
உங்கள் பட்டியலில் அவர் இல்லை."

சுள்ளென்று வந்தது எனக்கு.
இரண்டு வருடமாய் என் வீட்டுச் சாவி
அவளிடம்தான் இருக்கிறது.
இயலினியின் பூட்ஸ் அளவு தெரியும்.
வேர்க்கடலை ஆகாதென்று தெரியும்.
தாய் சொல்கிறேன், போதாதா?

"நீங்கள்தான் தாய் என்று
எனக்கு எப்படித் தெரியும்?"
மெதுவாகத்தான் கேட்டாள்.
கோபமில்லை அவள் குரலிலும்.

வண்டியை ஓரங்கட்டினேன்.
செப்டம்பரில் ஏதோ படிவத்தில்
அவசரமாய்க் கிறுக்கிய ரகசியச் சொல்
வரமாட்டேன் என்றது.
வைப்பர் இடமும் வலமுமாய்
இல்லை இல்லை என்றது.
பிறகு, அன்றைக்குச் சமையலறையில்
என்ன நறுக்கிக்கொண்டிருந்தேன் என்று நினைத்தேன்.

"வாழைப்பூ."

"மறுபடியும் சொல்லுங்கள்."
அவள் தாளில் அந்த ழ
எந்த எழுத்தாய்க் கிடந்ததோ.
முதலிலிருந்து சொன்னேன்,
ஒவ்வோர் எழுத்தாய்,
என்னை நானே ஒப்பிக்கிறவள்போல.

லொரெய்னின் ஓட்டுநர் உரிமத்தை வாங்கிப்
படத்தையும் முகத்தையும்
இருமுறை பார்த்தாளாம்.
"என் தலைமயிர் இப்போது வேறு நிறம்,"
சிரித்தபடி சொன்னாள் லொரெய்ன்
இயலினியின் காயாத ஓவியத்தை என்னிடம் நீட்டி.
மூவருமாய் சூப் குடித்தோம்.
பட்டியலில் அவள் பெயரைச் சேர்த்தேன்.

ஒன்பது மணிக்கு டேரிலின் புதுச் சான்றிதழ்.
கூடவே, அழிப்பது பற்றி ஒரு பக்கப் பதில்.
தொண்ணூறு நாள் செல்லும்.
தொண்ணூற்றோராம் நாள் மறுபடி கேட்பேன்,
நாய் குரைத்தாலும்.

இப்போது போய்க்கொண்டிருக்கின்றன,
நாலாயிரத்துச் சொச்சம் படங்கள்.
எண் மட்டும் ஏறுகிறது.
ஒன்றையும் நான் திறந்து பார்க்கவில்லை.

பார்க்கவில்லை என்பதற்கு
என் வாயைத் தவிர
அவளிடம் என்ன இருக்கிறது?